காவலூரில் தொலைநோக்கி இருக்கும்போது ஆதித்யா எதற்கு?

"வாணியம்பாடி பக்கத்தில் காவலூரிலேயே அவ்வளவு பெரிய தொலைநோக்கி இருக்கிறதே, சூரிய வெடிப்பைப் பார்க்க 15 லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஆதித்யா எல்-1 விண்கலம் போக வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். காட்பாடியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இரவு வானத்துக்கானது. சூரியனைக் கவனிப்பது கொடைக்கானலின் வேலை. நூறாண்டுக்கும் மேலாக அங்கே சூரியப் புள்ளிகளைப் படமெடுத்து வருகிறார்கள். இரண்டையும் நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் ஆதித்யாவின் முதன்மைக் கருவியான, கொரோனா எனும் சூரியனின் வெளி மண்டலத்தைப் படமெடுக்கும் வி.இ.எல்.சி.யையும் உருவாக்கியது. காவலூர் தொலைநோக்கிக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது 1986 ஜனவரி 6. ஆதித்யா தன் இடத்தைச் சென்றடைந்தது 2024 ஜனவரி 6. தற்செயல்தான், ஆனாலும் எனக்கு மகிழ்ச்சி.

தரையிலிருந்து என்ன தெரியும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். 2024 மே 9, அக்னி நட்சத்திர வெயில். காலையிலேயே மொட்டை மாடியில் சிறிய தொலைநோக்கியை வைத்து, சூரிய பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழச் செய்தேன். (தொலைநோக்கி வழியாகக் கண்ணால் நேரே பார்த்தால் பார்வையே போய்விடும்.) பூரி அளவு வட்டத்தில் விரற்கடை அகலத்துக்குக் கறுப்புப் புள்ளிகளின் கூட்டம். அந்த அளவில் நம் பூமி ஒரு சிறு கடுகு. தம்பி மகள் பென்சிலால் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக் கோடு போட்டாள். "இது வெடித்தால் சத்தம் கேட்குமா, பெரியப்பா?" என்றாள். நடுவில் காற்றில்லை, கேட்காது என்றேன்.

அந்தப் புள்ளிகள் காந்தப்புலம் செறிந்த இடங்கள். சூரியனின் நடுப்பகுதி சுமார் 25 நாளில் ஒரு சுற்று சுற்றுகிறது, துருவப் பகுதிக்கு 35 நாள் ஆகிறது. இந்த வேக வேறுபாட்டில் காந்தக் கோடுகள் ஊஞ்சல் கயிறு போல முறுக்கேறுகின்றன. முறுக்குத் தாங்காமல் அறுந்து வேறு விதமாக இணையும்போது, தேங்கிய ஆற்றல் வெடித்து வெளியேறுகிறது. சில வேளை 100 கோடி டன் மின்னேற்றத் துகள்கள் காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு கிளம்புகின்றன.

தரையில் இருப்பவருக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வெடிப்பில் எழும் எக்ஸ் கதிரையும் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியையும் நம் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. துகள்கள் கிளம்பும் கொரோனாவோ சூரிய வட்டத்தைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு மங்கல், பகல் வானத்தின் வெளிச்சத்திலேயே மூழ்கிப்போகும். பூமியிலிருந்து சூரியன் இருக்கும் பக்கமாக ஆதித்யா நிற்கும் இடத்தில் வானம் கறுப்பு, இரவும் கிடையாது. சூரிய வட்டத்தை மறைத்துவிட்டால் நாள் முழுவதும் கிரகணம் பார்ப்பது போலத்தான்.

ஆனால் அங்கே போயே தீர வேண்டியதற்கு முக்கியக் காரணம் வேறு என்று நான் நினைக்கிறேன். சூரியனிலிருந்து வரும் துகள் மேகத்தின் காந்தப்புலம் வடக்கு நோக்கியிருந்தால் பூமியின் காந்தக் கவசம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தெற்கு நோக்கியிருந்தால் கவசம் திறந்துகொள்ளும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் முழுவதும் ஒன்பது மணி நேரம் இருளில் கிடந்தது அப்படி ஒரு காந்தப் புயலால்தான். அந்தத் திசையைத் தூரத்துப் படத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. மேகம் கருவியின் மேல் மோத வேண்டும். அதற்காகத்தான் ஆதித்யாவில் 6 மீட்டர் நீளக் கை ஒன்றில் காந்தமானிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். விண்கலத்தின் சொந்த மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம் அளவீட்டில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தத் தூரம். நொடிக்கு 1,500 கிலோமீட்டரில் வரும் மேகம் அங்கிருந்து பூமியைத் தொடச் சுமார் 17 நிமிடம் ஆகும். மின் கட்டமைப்பைக் கவனிப்பவருக்கு அது பெரிய அவகாசம்.

நாங்கள் பார்த்ததற்கு மறுநாள், மே 10 இரவு பத்தரை மணியளவில், நாங்கள் அட்டையில் பார்த்த அதே கூட்டத்திலிருந்து கிளம்பிய மேகங்கள் பூமியை வந்தடைந்தன. 2003-க்குப் பிறகு அவ்வளவு கடுமையான காந்தப் புயல் வந்ததில்லை. காட்பாடியில் மின்விசிறிகூட நிற்கவில்லை. ஆனால் லடாக்கின் ஹான்லேயில் அந்தப் புயல் எழுப்பிய ஒளியால் வானம் சிவந்தது. அந்தப் படத்தைச் செய்தியில் பார்த்ததும் தம்பி மகள் அட்டையை எடுத்து வந்து, தான் கோடு போட்ட புள்ளிகளின் பக்கத்தில் "ஹான்லே" என்று எழுதி வைத்தாள்.