முந்நூறு வருஷ வீடா? முதலில் தாழ்வாரத்தைப் பாருங்கள்

கேள்வி: புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கம் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. தினமும் நடக்கும்போது பழைய வீடுகளைப் பார்க்கிறேன். கேட்டால் எல்லாரும் ‘முந்நூறு வருஷ வீடு’ என்கிறார்கள். வெளியே நின்றபடியே வயதைக் கணிக்க முடியுமா?

பதில்: முந்நூறு என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1761-ல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் கோட்டையையும் பிரெஞ்சுக்காரர் வீடுகளையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பிய பிறகே மறுபடி கட்டினார்கள். இன்று நிற்கும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. அதைவிட முக்கியம், ஒரு வீட்டுக்கு ஒரே வயது என்று கிடையாது. திண்ணைக்கு ஒன்று, ஓட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று இருக்கும்.

தெருப்பக்கம் மரத்தூண்கள் மேல் சாய்ந்து நிற்கும் தாழ்வாரத்தில் தொடங்குங்கள். அது வழிப்போக்கருக்கான நிழல். அதை ஒட்டி உள்ளே இருக்கும் திண்ணை, வந்தவர் உட்காருவதற்கு. ஒரு வீட்டில் இரண்டும் இருந்து பக்கத்து வீட்டில் கிரில் கம்பி இருந்தால், அங்கே பிற்பாடு கை வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஓடு. அரைவட்டமாக அடுக்கியிருந்தால் நாட்டு ஓடு. ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும் தட்டை ஓடு என்றால் மங்களூர் ஓடு. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஓட்டு ஆலை தொடங்கியதே 1865-ல்தான். ஆனால் ஓடு மாற்றுவது சாதாரணம் என்பதால் இது கூரையின் வயது, சுவருடையது அல்ல.

சுவருக்கு, பூச்சு உதிர்ந்த இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் கிடைக்கும். செங்கல் மெல்லியதாக, இடையில் வெளுத்த சுண்ணாம்புக் காரை தடிமனாக இருந்தால் பழைய சுவர். அதன்மேல் சாம்பல் நிறச் சிமென்ட் பூசியிருப்பார்கள். உள்ளே ஏறும் ஈரம் சுண்ணாம்பில் காய்ந்துவிடும், சிமென்ட்டில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் அந்த இடம் உப்புப் பூத்து உதிர்கிறது. (உங்கள் வீடும் அப்படி என்றால் தயவுசெய்து மறுபடி சிமென்ட் பூசாதீர்கள்.)

கீழே திண்ணையும் மரத்தூணும், மேலே வளைவு ஜன்னலும் பிரெஞ்சுப் பாணிக் கைப்பிடிச் சுவரும் என்று பல வீடுகள் இருக்கும். மாடி பிற்காலத்தது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் கட்டியவர்களும் உண்டு. சந்து இருந்தால் பக்கச் சுவரைப் பாருங்கள். தனித்தனியாகக் கட்டியிருந்தால் செங்கல் அளவு மாறும், அல்லது இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு ஓடும்.

சரி, எப்போது பார்ப்பது? காலை ஏழு மணிக்கு. உங்கள் வீதி கிழக்கு மேற்காகப் போகிறது. அந்த நேரத்து வெயில் சுவரை உரசிக்கொண்டு விழும்போது, பத்து தடவை வெள்ளையடித்து மறைத்த ஒட்டுக்கூடத் தெரியும். படம் எடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நல்லபடியாகக் கேட்டால் முற்றம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள்.