கொம்பேறி மூக்கனும் தரையில் விரித்த பாயும்

ஐயா, வணக்கம்.

ஓணான், பல்லி பற்றி நீங்கள் எழுதியவற்றை என் மகளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

நாங்கள் அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். போன வாரம் கொல்லையில் உள்ள முருங்கையில் மெல்லிய பாம்பு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. முதுகு முழுக்கச் செம்பு நிறம். என் மாமனார் பார்த்த உடனே "கொம்பேறி மூக்கன்" என்று சொல்லித் துரட்டிக் கம்பால் அடித்தார். வாலில் அடி விழுந்தது, ஆனால் பாம்பு வேலிக்குள் பாய்ந்து தப்பிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. அடிபட்ட கொம்பேறி மூக்கன் அடித்தவரைத் தேடி வந்து கடிக்கும், பிறகு சுடுகாட்டு மரத்தில் ஏறி அவர் எரியும் புகையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். மாமியார் வீட்டைச் சுற்றிப் பூண்டு கரைத்துத் தெளிக்கிறார். முருங்கையை வெட்டிவிடலாம் என்றும் பேச்சு நடக்கிறது. கொல்லைப் பக்கம் போகவே பயம். வெயில் காலம் என்பதால் இரவில் எல்லோரும் முன்பக்கத் தாழ்வாரத்தில், விறகு அடுக்கிய சுவரோரமாகப் பாய் விரித்துப் படுக்கிறோம்.

"யாரை எப்போது எரிக்கிறார்கள் என்று பாம்புக்கு எப்படித் தெரியும்?" என்று மகள் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அது விஷப் பாம்பா? திரும்பி வருமா? மரத்தை வெட்டத்தான் வேண்டுமா?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

மூன்று கேள்விகளுக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். கொம்பேறி மூக்கனுக்கு விஷம் கிடையாது. அது உங்கள் மாமனாரைத் தேடி வராது. முருங்கையை வெட்ட வேண்டாம். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பதறவைத்தது. விறகு அடுக்கிய சுவரோரம் பாய் விரித்துப் படுக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றிரவு அங்கே யாரும் படுக்காதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த அடிபட்ட பாம்பைப் பற்றி. கொம்பேறி மூக்கன் பகலில் நடமாடுவது. பெரும்பாலும் மூன்றடி நீளம், விரல் பருமன். அந்த நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாலாகவே இருக்கும். வயிற்றுச் செதில்களின் இரண்டு ஓரமும் மடிந்து விளிம்பு கட்டியிருக்கும். அந்த விளிம்பை மரப்பட்டையின் சொரசொரப்பில் ஊன்றித்தான் செங்குத்தான மரத்திலும் அத்தனை வேகமாக ஏறுகிறது. ஓணான், பல்லி, மரத்தவளை ஆகியவை அதன் உணவு. வாய்த்தால் குருவிக் குஞ்சையும் முட்டையையும் எடுக்கும். உங்கள் முருங்கைக்கு அது வந்தது ஓணானுக்காகத்தான் இருக்கும்.

வேப்பங்கிளை ஒன்றில் இந்தப் பாம்பைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தலைக்கு அளவு மீறிய பெரிய வட்டக் கண். நான் நிற்பதை அது அறிந்ததும் ஓடவில்லை. கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தியது. தோல் விரிய விரிய, செம்பழுப்புச் செதில்களுக்கு இடையில் ஒளிந்திருந்த இளநீலம் வெளியே தெரிந்தது. அந்த நீலம் உடம்பில் இருப்பதே அமைதியாக ஊரும்போது நமக்குத் தெரியாது. அதனிடம் உள்ள பெரிய மிரட்டல் அவ்வளவுதான். கையால் பிடித்தால் கடிக்கும், முள் கீறியதுபோல் நாலைந்து சிராய்ப்பு விழும். விஷப்பல் என்ற ஒன்று அதற்கு அமையவே இல்லை.

பழிவாங்கும் கதைக்கு வருகிறேன். ஒரு மனிதரின் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அவரைத் தேடிவந்து கணக்குத் தீர்க்கும் அளவுக்கு எந்தப் பாம்புக்கும் மூளை கிடையாது. அடிபட்டது எங்காவது புதருக்குள் கிடக்கும். நாளைக்கே அதே மரத்தில் இன்னொரு பாம்பு தென்பட்டாலும், முதல் பாம்பை இழுத்து வந்த ஓணான்கள்தான் இதையும் இழுத்து வந்திருக்கும். உங்கள் மகள் கேட்டது அருமையான கேள்வி. பெரியவர்கள் பல தலைமுறையாகக் கேட்காமல் விட்ட கேள்வியும்கூட. பாம்புக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஆனாலும் இப்படி ஒரு கதை சும்மா கிளம்பியிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். இரவில் ஒருவர் தூக்கத்தில் கடிபடுகிறார். வலி இல்லை, கடித்தது எது என்று பார்த்தவரும் இல்லை. விடியும்போது அவர் உயிரோடு இல்லை. கொன்ற பாம்பு இருட்டிலேயே வந்து இருட்டிலேயே போய்விட்டது. பகலில் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் கண்ணில் படுவது மரத்தில் ஏறும் இந்தப் பாம்பு மட்டும்தான். சுடுகாட்டு வேம்பிலும் புளியிலும் அது இருக்கத்தானே செய்யும்? பழி அதன் மேல் விழுந்திருக்கும்.

நம் பாம்புக் கதைகளில் பெரும்பாலானவை பகலில் தென்படும் பாம்புகளைப் பற்றியவை. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்போம். அதன் லேசான விஷம் பல்லியை மயக்கப் போதுமானது, மனிதரைக் கொல்லாது. சாரையும் நல்ல பாம்பும் பிணைந்து ஆடும் என்போம். அங்கே ஒன்றையொன்று கீழே தள்ளப் பார்ப்பவை இரண்டு ஆண் சாரைகள். மண்ணுளிக்கு இரண்டு தலை என்று கதை கட்டி, அதைப் பிடித்து விற்கிற கும்பலே உருவாகிவிட்டது. இத்தனை கதைகளுக்கு நடுவில் கட்டுவிரியனைப் பற்றி நம் வீடுகளில் போதுமான பேச்சே இல்லை. என் ஆதங்கம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

கட்டுவிரியன் பளபளக்கும் கருப்பு நிறம். அதன்மேல் மெல்லிய வெள்ளைக் கட்டுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. தலையை ஒட்டிய பகுதியில் கட்டுகள் இருக்காது, சற்றுத் தள்ளித்தான் தொடங்கும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியவை, அறுகோண வடிவம் கொண்டவை. வீட்டுச் சுவரில் பல்லி தேடி ஏறும் ஓநாய்ப் பாம்பும் இதே சாயலில் இருக்கும், அது விஷமற்றது. ஆனால் உயிரோடிருக்கும் பாம்பின் செதிலைக் குனிந்து பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம். வீட்டுக்குள் கட்டுப் போட்ட பாம்பு தெரிந்தால் விலகி நின்று தீயணைப்புத் துறையை 101இல் கூப்பிடுவதே சரி.

பகலில் கட்டுவிரியன் மந்தமாக இருக்கும். தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டு கிடக்கும், சீண்டினாலும் கடிக்கத் தயங்கும். இரவில் அதன் சுபாவமே வேறு. மற்ற பாம்புகளையும் எலி, பல்லி போன்றவற்றையும் தேடி, விறகு, செங்கல், மூட்டை இடுக்கெல்லாம் நுழைந்து வரும். உங்கள் தாழ்வாரத்து விறகு அடுக்கு எலிக்கும் பல்லிக்கும் புகலிடம், ஆகவே அதற்கு வேட்டைக்காடு. அந்த வழியில் ஒரு பாய் விரித்திருந்தால், தூக்கத்தில் புரளும் கை அதன்மேல் விழும். பல் சிறியது. கடி எறும்பு கடித்த அளவுக்குக்கூட உறைக்காமல் போகலாம், தடமும் தெரியாமல் போகலாம். கடிபட்டவர் மறுபடி தூங்கிவிடுவார். பிறகு வயிற்று வலி, வாந்தி. இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். இமை கனத்து இறங்கும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சுக் குழறும். கடைசியில் மூச்சை இழுக்கும் தசைகளும் செயலிழக்கும்.

தரையில் படுத்த ஒருவர் விடிகாலையில் காரணமில்லாத வயிற்று வலியோடு எழுந்து, இமையைத் தூக்க முடியாமல் தவித்தால், பாம்பைப் பார்த்தோமா என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். அது கட்டுவிரியன் கடி என்றே எடுத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். இந்த விஷம் நரம்பு முனைகளையே சிதைத்துவிடும். சிதைந்த பிறகு விஷமுறிவு மருந்தால் அதைச் சரிசெய்ய முடியாது. அப்போதும் செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்துக் காப்பாற்றலாம், நரம்பு முனை மெல்ல மறுபடி வளர்ந்துவிடும். பேச்சுமூச்சு இல்லை என்று கைவிடப்பட இருந்தவர்கள் அந்தக் கருவியால் பிழைத்து வீடு திரும்பியிருக்கிறார்கள்.

2020இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் என்று கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். நான்கில் ஒரு பங்குக்கு மேல் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தில், சொந்த வீட்டிலேயே உயிர்விட்டிருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேரவே இல்லை. எனக்கு ஆறவே ஆறாத செய்தி இது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் கடிக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் நம் அரசு மருத்துவமனைகளில் தருகிறார்கள். ஆகவே கடித்த பாம்பைத் தேடிப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. மருத்துவர் அறிகுறிகளைப் பார்த்து முடிவெடுப்பார். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியா என்று அறியக் கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். நீங்கள் செய்ய வேண்டியது கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து விரைவாகக் கொண்டுபோவது மட்டும்தான். இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. மந்திரிக்கக் கூட்டிப்போகிற நேரத்தில் உயிர் போய்விடும்.

அந்த மருந்துக்கு அடிப்படையான விஷத்தைப் பெரும்பங்கு தருபவர்கள் நம் இருளர்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்று அவர்கள் பிழைப்பு போனது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்குகிறது. பிடித்த பாம்பைச் சில வாரங்கள் பானையில் வைத்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. உங்கள் மகளுக்குப் பாம்பைப் பற்றிக் கதை சொல்ல வேண்டும் என்றால் இவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

பூண்டுத் தண்ணீரும் பினாயிலும் எந்தப் பாம்பையும் தடுப்பதில்லை. விறகைச் சுவரோரத்திலிருந்து எடுத்து, வீட்டைவிட்டுத் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி அடுக்குங்கள். எடுக்கும்போது பகலில், கம்பால் தட்டிவிட்டு எடுங்கள். நெல் மூட்டையையும் கோழித் தீவனத்தையும் மூடி வைத்தால் எலி குறையும். எல்லோரும் கட்டிலில் படுங்கள். கட்டில் போதாதென்றால் பாயின் மேல் கொசுவலை கட்டி, ஓரங்களைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். நேபாளத்தின் தராய்ச் சமவெளியில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக் கடி வெகுவாகக் குறைந்திருந்ததைக் காட்டியது. இரவில் எழுந்தால் டார்ச் இல்லாமல் கால் வைக்க வேண்டாம்.

மாமனாரிடம் இதைச் சொல்லும்போது அவர் மனம் நோகாமல் சொல்லுங்கள். பேத்திக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் அவர் கம்பை எடுத்திருப்பார். இன்னொரு வேலையையும் அவரிடமே ஒப்படையுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள அரசு மருத்துவமனை எது, ராத்திரியில் அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்று நேரில் விசாரித்து வரச் சொல்லுங்கள். தெரிந்ததும் பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.