தனியார் கல்லூரிகள் பெருகினால் அரசுக் கல்லூரி இடம் குறையாதே, ஏழை மாணவருக்கு என்ன நஷ்டம்?

இடங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நஷ்டம் தெரியாது. தமிழ்நாட்டில் 1984 வாக்கில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் (அரசு நிதி இல்லாமல் மாணவர் கட்டணத்தில் நடப்பவை) வந்தபின் இடங்கள் பல மடங்கு கூடின. ஆனால் கூடியதில் பெரும்பங்கு, பணம் கட்டிப் படிக்கும் இடங்கள்.

மாற்றத்தைக் கண்ணால் பார்க்க, அரசு உதவி பெறும் கலைக் கல்லூரி ஒன்றுக்குப் போங்கள். காலையில் உதவிபெறும் பிரிவு, மதியம் அதே வகுப்பறையில், அதே பெஞ்சில் சுயநிதிப் பிரிவு. பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றுதான். ஃபீஸ் ரசீதில்தான் பல மடங்கு வித்தியாசம். பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் போல வேலை தரும் படிப்புகள் பெரும்பாலும் மதியப் பிரிவில்தான் வளர்ந்தன. கூலி வேலை செய்பவரின் மகள் காலைப் பட்டியலில் பெயர் வராவிட்டால், விரும்பிய பாடத்தை விடுகிறாள்; அல்லது அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போகிறது. பெயருக்குப் பொதுக் கல்லூரி, உள்ளே பாதி தனியார். இதைத்தான் நான் பெரிய பாதிப்பு என்பேன்.

எதிர் உதாரணமும் உண்டு. 2021 சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அவர்களின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. இடம் மட்டும் தந்து கட்டணத்தை அவர்கள் தலையில் விட்டிருந்தால், எத்தனையோ பேர் கவுன்சலிங்கிலேயே திரும்பியிருப்பார்கள்.