எபோலாவுக்குப் பாதுகாப்புச் சபை எதற்கு?

கேள்வி: நோய்ப் பரவலைப் பற்றி ஐ.நா. பாதுகாப்புச் சபை ஏன் பேச வேண்டும்? அது சுகாதாரத் துறை வேலைதானே?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: 2014 செப்டம்பர் 18 அன்று, எபோலா என்ற உயிர்க்கொல்லித் தொற்றுநோய் உலக அமைதிக்கே அச்சுறுத்தல் என்று அச்சபை தீர்மானம் போட்டது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளான கினி, லைபீரியா, சியரா லியோனில் மருத்துவமனைகள் முடங்கி, அரசுகளே ஆட்டம் கண்டிருந்த நேரம் அது. ஆனால் துப்பாக்கிக்கு நோய் அடங்காது. அதற்கு முந்தைய மாதம்தான் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப் பகுதியைப் படை வைத்து அடைத்தார்கள்; கலவரம் வெடித்தது, பத்து நாளில் திறந்துவிட்டார்கள். அடைத்தால் ஜனங்கள் நோயாளியை ஒளித்துவைப்பார்கள், வேறென்ன!

பலன் தந்தவை வேறு. நோயாளியோடு பழகியவர்களுக்கு 21 நாள் தினமும் காய்ச்சல் பார்த்தார்கள். சடலத்துக்கும் தரைக்கும் 0.5 சதவீதக் குளோரின் கரைசல், கை கழுவ 0.05. வாளி மாறினால் ஒன்று தோல் புண்ணாகும், அல்லது கிருமி சாகாது. வெயிலில் வீரியம் குறையும் என்பதால் கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.