இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. வீடியோ பார்த்து கெகல் பயிற்சி செய்தும் குறையவில்லை. பிசியோதெரபி உண்மையிலேயே உதவுமா?

உதவும். எனக்கு உதவியது. இரண்டாவது பிரசவம் முடிந்து ஒன்றரை வருடம், இரண்டு மாதமாகப் பயிற்சி, ஆனால் மாற்றமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் பள்ளி ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறி அடுத்தடுத்து நாலு தும்மல். இரண்டாவது தும்மலிலேயே உள்பாவாடை நனைந்துவிட்டது. மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அத்தனை நேரமும் மேசைக்குப் பின்னால் நகராமல் நின்று பாடத்தை முடித்தேன். அதற்குப் பிறகு அடர் நிறப் புடவை மட்டும்தான் கட்டினேன், கைப்பையில் எப்போதும் இரண்டு பேட். காட்டப்போன இடத்தில், "ரெண்டு சுகப்பிரசவம் ஆயிருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவும் அதையேதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனை பெண்கள் கல்யாண வீடு, பஸ் பயணம் எல்லாவற்றையும் தவிர்த்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

கெகல் பயிற்சி என்பது இடுப்புத்தளத் தசைகளை இறுக்கி விடும் பயிற்சி. முதலில் அந்தத் தசைகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் பூப்பெலும்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரை, இடுப்புக்கூட்டின் அடியில் தூளி கட்டியது மாதிரி விரிந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அந்தத் தூளியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும். அந்தக் கணத்தில் தூளி இறுகி மேலே தூக்கிக் கொடுத்தால் சிறுநீர்க்குழாய் மூடிக்கொள்ளும். பிரசவத்தில் தசை இழுபட்டுத் தளர்ந்திருந்தால், தூக்குவதற்குள் கசிந்துவிடும்.

உங்கள் பயிற்சி ஏன் பலிக்கவில்லை என்பதற்கு என் முதல் நாள் அனுபவத்தையே சொல்லலாம். பிசியோ மேடம் அரை மணி நேரம் கேள்விதான் கேட்டார்: எப்போது கசிகிறது, ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறேன், மலச்சிக்கல் உண்டா, குழந்தையின் எடை, தையல் போட்டார்களா, தாம்பத்தியத்தில் வலி இருக்கிறதா. பிறகு, உள்ளே ஒரு விரல் வைத்துப் பார்த்தால்தான் தசையின் பலம் சரியாகத் தெரியும், வேண்டாம் என்றால் வெளியிலிருந்தே பார்க்கலாம், பாதியில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திவிடுவேன் என்றார். நான் சரி என்றேன். திரை போட்ட அறை, துணைக்கு ஒரு நர்ஸ். "இப்ப வீட்ல செய்ற மாதிரியே செய்ங்க டீச்சர்" என்றார். செய்தேன். சில நொடி கழித்து, "நீங்க மேல இழுக்கல டீச்சர், கீழ தள்றீங்க" என்றார்.

இரண்டு மாதம் நான் முக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். கசிவைக் குறைக்க என்று நினைத்து, கசிவை வரவழைக்கும் வேலையைத் தினமும் மூன்று வேளை செய்திருக்கிறேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1991இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் 47 பெண்களுக்கு வாய்வார்த்தையாக மட்டும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து அளந்து பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிக்குப் பாதிதான். நாலில் ஒருவர் கசிவை அதிகமாக்கக்கூடிய விதத்தில் செய்தார்கள். டாக்டர் அர்னால்ட் கெகல் 1948இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியபோதே, தசை இறுகும் அழுத்தத்தை அளக்கும் ஒரு கருவியோடுதான் சொல்லிக்கொடுத்தார். முள் ஏறுவதைப் பார்த்துப் பார்த்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். இன்று அவர் பெயர் மட்டும் வீடியோக்களில் இருக்கிறது, சரிபார்க்கும் பகுதி விட்டுப்போய்விட்டது. பிசியோவிடம் போவது அந்தப் பகுதிக்காகத்தான்.

எனக்குச் சரியாகப் பிடிபட்ட வழி இது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் காற்று பிரியாமல் அடக்குவது மாதிரி பின்பக்கத்தை இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்பக்கம் கொண்டுவந்து, மூச்சை விட்டுக்கொண்டே உள்ளே மேலே இழுங்கள். புட்டம், தொடை, மேல்வயிறு மூன்றும் சும்மா இருக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கவே கூடாது. முதலில் என்னால் நாலு நொடிதான் பிடிக்க முடிந்தது. நாலு நொடி பிடித்து, நாலு நொடி முழுதாக விட்டு, எட்டு தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. போகப்போகப் பத்து நொடி. அப்புறம் சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடும் வேகப் பயிற்சி. படுத்து, உட்கார்ந்து, கடைசியில் நின்றுகொண்டு. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி இதைப் பழகாதீர்கள், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

இதோடு இன்னொரு சின்ன விஷயம்: தும்மல் வருவது தெரிந்த உடனே, தும்முவதற்கு முன்பே இறுக்கிக்கொள்வது. கேட்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். எனக்கு முதல் பலன் கிடைத்தது இதில்தான்.

மூன்று நாள் குறிப்பும் எழுதச் சொன்னார். எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு போனேன் (ஒரு பழைய அளவுக் குவளையை அதற்கென்றே ஒதுக்கினேன்), என்ன குடித்தேன், எப்போது கசிந்தது. எழுதிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 14 தடவை போயிருக்கிறேன், பல தடவை 100 மில்லிகூட இல்லை. 300, 400 மில்லி தாங்கக்கூடிய பையை, "எதுக்கும் ஒரு தடவை போயிடலாம்" என்று ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் காலி செய்து, கொஞ்சம் நிறைந்தாலே அவசரப்படும்படி பழக்கி வைத்திருந்தேன். பள்ளி பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரையும் குறைத்திருந்தேன். அதனால் சிறுநீர் அடர்த்தியாகி இன்னும் எரிச்சல்தான். இடைவெளியைப் பதினைந்து பதினைந்து நிமிடமாகக் கூட்டினோம், மூன்று காபி ஒன்றானது.

முதல் ஐந்து வாரம் எதுவும் தெரியவில்லை, விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஏழாவது வாரம் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்து பார்த்தபோது பேட் காய்ந்திருந்தது. மூன்று மாதம் முடியும்போது பேட் இல்லாமலே பள்ளிக்குப் போனேன். கடும் சளி பிடித்தால் இப்போதும் ஒரு சொட்டு வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. மொத்தம் ஏழு தடவை போனேன், தடவைக்கு 500 ரூபாய். மூன்று மாதம் என்பது பொதுவாகவே சொல்லப்படும் குறைந்தபட்சக் காலம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வில், இருமினால் தும்மினால் கசியும் பெண்களில் பயிற்சி செய்தவர்கள் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள், செய்யாதவர்களில் 6 சதவீதம். மாத்திரையோ கத்தியோ இல்லாமல் கிடைக்கும் பலன் இது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் இறுக்கும் பயிற்சி கிடையாது. என் தோழிக்குத் தாம்பத்தியத்தில் தாங்க முடியாத வலி. யாரோ சொன்னார்கள் என்று கெகல் செய்து வலி கூடியதுதான் மிச்சம். அவளுக்குத் தசை ஏற்கெனவே இறுகிப்போய், தளரத் தெரியாமல் இருந்தது. பிசியோ அவளுக்குக் கொடுத்தது வயிறு விரிய மூச்சு இழுப்பது, குந்தி உட்கார்ந்து தளர்த்துவது, தசையை மெதுவாக விரலால் இளக்குவது, இவைதான். கசிவுள்ள சிலருக்குக்கூட இப்படி இறுகிய தசை இருக்கும். பரிசோதனை இல்லாமல் எது உங்களுடையது என்று நானும் சொல்ல முடியாது, வீடியோவும் சொல்ல முடியாது.

என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, கர்ப்பப்பை இறக்கம். இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. நான் போய் வருவதைப் பார்த்துவிட்டு ஒரு ராத்திரி அடுப்படியில் வைத்து, "எனக்கும் கீழ என்னமோ இடறுதும்மா" என்றார். இறங்கியதைப் பயிற்சி முழுதாக மேலே ஏற்றிவிடாது. ஆனால் அந்தக் கனமும் இழுப்பும் நன்றாகக் குறைந்தன. தண்ணீர்க் குடத்தை மூச்சைப் பிடித்துத் தூக்காமல், மூச்சை விட்டுக்கொண்டே தூக்கவும், முக்காமல் மலம் கழிக்கவும் கற்றுக்கொண்டார். வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலடியில் ஒரு முக்காலி போட்டால் முட்டி உயர்ந்து மலக்குடலின் வளைவு நேராகும், நம் பழைய குந்தும் முறை மாதிரி. இறங்கியதைத் தாங்கிப்பிடிக்க டாக்டர் உள்ளே ஒரு வளையமும் பொருத்தினார். ஆபரேஷன் இதுவரை தேவைப்படவில்லை.

புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு கசிவு வரும் ஆண்களுக்கும் இதே தசைகள்தான், இதே சிகிச்சைதான். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

எல்லா பிசியோக்களும் இதைப் பார்ப்பதில்லை. போன் செய்து, "சிறுநீர்க் கசிவு, பிரசவத்துக்குப் பிறகான இடுப்புத்தளப் பயிற்சி பார்ப்பீர்களா, தசையைப் பரிசோதித்துப் பார்ப்பீர்களா" என்று நேராகவே கேளுங்கள். முதுகுவலிக்கு மின்சார சிகிச்சை மட்டும் கொடுக்கும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். பெரிய மருத்துவமனையில் மகப்பேறு டாக்டரிடம் கேட்டால் ஆளைச் சொல்வார். சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், சிறுநீரே போக முடியாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், இவற்றில் எது இருந்தாலும் பயிற்சிக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

மூன்று நாள் குறிப்பை இன்றைக்கே ஆரம்பித்து, பிசியோவிடம் முதல் தடவை போகும்போதே கையோடு எடுத்துப்போங்கள். நான் வெறுங்கையோடு போனதால் எனக்கு ஒரு வாரம் அதிலேயே போனது.