பழைய விண்டோ அலங்காரங்களை பிளாஸ்மா 6-க்குக் கொண்டுவருதல்: கேள்வி பதில்

லினக்ஸில் ஓடும் கேடிஈ டெஸ்க்டாப்பின் 3.1 பதிப்பு வெளியான 2003 ஜனவரியில் அதன் இயல்புத் தோற்றம் கெராமிக். டைட்டில் பார், ஓரங்கள், பட்டன்கள் என்று விண்டோவைச் சுற்றி வரையப்படுவதைத்தான் அலங்காரம் என்கிறேன். புடைத்த டைட்டில் பார், பளபளக்கும் குமிழி. "சோப்பு டப்பா மாதிரி இருக்கே" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதே சோப்பு டப்பாவை கேடிஈயின் புதிய டெஸ்க்டாப்பான பிளாஸ்மா 6-இல் ஓட வைக்க ஒரு மழைக்காலம் முழுவதையும் செலவழித்த பிறகு, கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் தகுதி கொஞ்சம் வந்திருக்கிறது என்று நம்புகிறேன்.

ஒரு சிறு குறிப்பு: ஃபைல் பெயர்களையும் கட்டளைச் சொற்களையும் இங்கே தமிழில் எழுதுகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

கேள்வி: அண்ணா, கேடிஈ 3-இன் சோர்ஸ் கோடு கையில் இருக்கிறது. பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, பிளாஸ்மா 6-க்கு அடித்தளமான க்யூட்டி 6 நூலகத்தில் கம்பைல் செய்துவிட முடியாதா?

முதல் வாரம் நானும் அதைத்தான் செய்தேன் தம்பி. ஒரு பிழையைத் திருத்தினால் நாற்பது முளைக்கும். அது பிழை திருத்தும் வேலையே இல்லை என்று புரிய ஒரு வாரம் ஆனது.

பழைய காலத்தில் அலங்காரம் என்பது உண்மையான ஒரு விட்ஜெட், அதாவது தானே இயங்கும் ஒரு திரைப்பகுதி. மவுஸ் நகர்வு, கிளிக், மறு ஓவியம் எல்லாவற்றையும் தீமே பிடித்துப் பார்த்துக்கொள்ளும். மூடும் பட்டன்கூட க்யூட்டியின் பட்டன் வகுப்பிலிருந்து பிறந்த தனி விட்ஜெட். பிளாஸ்மா 5 காலத்தில் வந்த கேடெக்கரேஷன்2 என்ற அலங்கார நூலகம் இதைத் தலைகீழாக்கியது. இப்போது தீம் ஒரு ஓவியன் மட்டுமே. விண்டோக்களை நிர்வகிக்கும் கேவின், வரைவதற்கான ஒரு பெயின்டரைக் கையில் கொடுத்து "இந்த இடத்தில் வரை" என்கிறது. வரைந்து கொடுத்தால் போதும். விண்டோவை இழுப்பது, ஓரத்தைப் பிடித்துப் பெரிதாக்குவது, இரட்டை கிளிக் எல்லாம் கேவின் பொறுப்பு.

அதனால் பழைய கோடில் பெரும்பகுதிக்கு இன்று வேலையே இல்லை. கேடிஈபேஸ் தொகுப்பில் கேவின், அதற்குள் கிளையன்ட்ஸ், அதற்குள் கெராமிக் ஃபோல்டர். அங்கிருந்து நான் எடுத்துக்கொண்டவை மூன்றுதான்: பிக்ஸ் ஃபோல்டரில் உள்ள படத் துண்டுகள், அவற்றை எந்த வரிசையில் ஒட்டுவது என்கிற கணக்கு, பட்டன் குறிகளின் சின்ன ஒற்றை பிட் படங்கள். மற்றதை வாசித்துப் புரிந்துகொண்டு மூடி வைத்துவிட்டு, புது வகுப்பை வெற்றுத் தாளில் எழுதினேன். அந்தப் படத் துண்டுகளைக் கோடுக்குள் பொதித்து வைக்கத் தனியாக ஒரு குட்டி நிரலே எழுதி வைத்திருந்தார்கள். இன்று க்யூட்டியின் ரிசோர்ஸ் ஃபைல் ஒன்று போதும்.

கேள்வி: எனக்கு சி++ வராது. அரோரே போதுமா?

நிறம் மாறாத தீம் என்றால் போதும். அரோரே எஸ்விஜி (வெக்டர்) படங்களை வைத்து ஓடும் அலங்கார எஞ்சின். டெக்கரேஷன் என்ற ஒரு எஸ்விஜி, ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு எஸ்விஜி, அளவுகளைச் சொல்லும் ஆர்சி ஃபைல், மெட்டாடேட்டா ஃபைல். அவ்வளவுதான். எஸ்விஜிக்குள் ஒவ்வொரு துண்டுக்கும் ஐடி சரியாக இருக்க வேண்டும்: மேல், மேல்-இடது, இடது, நடு என்று ஒன்பது துண்டுகள். செயலற்ற விண்டோவுக்கு இன்னொரு ஒன்பது. எஸ்விஜி வரையும் இங்க்ஸ்கேப்பில் பொருளைத் தேர்ந்தெடுத்து ஐடியை மாற்றலாம். லேபிளை மாற்றிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று வருபவர்கள்தான் அதிகம். லேபிள் வேறு, ஐடி வேறு.

பயனர் தேர்ந்தெடுக்கும் நிறத்திட்டத்துக்கு ஏற்ப டைட்டில் பாரும் முழுதாக மாற வேண்டுமென்றால் க்யூஎம்எல் (க்யூட்டியின் இடைமுக மொழி) அல்லது சி++ பக்கம் போவது நல்லது. கேடிஈ 3-இன் பிளாஸ்டிக் தீம் (பெயரே அதுதான்) க்யூஎம்எல்லில் மறுபடி எழுதப்பட்டு அரோரேயோடேயே வருகிறது. க்யூஎம்எல் கற்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: அரோரே தீம் செய்து ஃபோல்டரில் போட்டேன். செட்டிங்ஸில் பெயர் வருகிறது, தேர்ந்தெடுத்தால் அளவெல்லாம் கன்னாபின்னா.

ஃபோல்டர் பெயரும் ஆர்சி ஃபைலின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஃபோல்டர் "முல்லை" என்றால் ஃபைல் "முல்லைஆர்சி". பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம்கூட இருக்கக் கூடாது. பழைய தீமை நகலெடுத்து ஃபோல்டர் பெயரை மட்டும் மாற்றியிருப்பீர்கள்.

கேள்வி: இங்க்ஸ்கேப்பில் அழகாக நிழல் போட்டேன். பிளாஸ்மாவில் நிழலே இல்லை.

ப்ளர் போட்டிருப்பீர்கள். இங்க்ஸ்கேப்பின் ப்ளர் ஒரு ஃபில்டர். க்யூட்டியின் எஸ்விஜி நூலகம் நெடுங்காலம் எஸ்விஜி டைனி 1.2 என்ற குறுகிய வடிவத்தைத்தான் பின்பற்றியது, அதில் ஃபில்டருக்கு இடமில்லை. க்யூட்டி 6.7 முதல் சில ஃபில்டர்கள் வந்திருந்தாலும் அவற்றை நம்ப வேண்டாம். நேரான ஓரங்களுக்கு கிரேடியன்ட், மூலைகளுக்கு வட்ட கிரேடியன்ட் என்று நிழலைக் கட்டுங்கள். ஆர்சி ஃபைலில் பேடிங் அளவுகளைக் கொடுக்காவிட்டால் நிழலுக்கு இடமே இருக்காது, அதையும் பாருங்கள்.

திருத்திய பிறகும் பழைய படமே தெரிகிறதென்றால் கேச். வீட்டு ஃபோல்டரின் கேச்சில் கேஎஸ்விஜி என்று தொடங்குவதை அழித்துவிட்டுப் பாருங்கள். இல்லாத தவறைத் தேடி ஒரு ராத்திரியை நான் இதில் தொலைத்திருக்கிறேன்.

கேள்வி: கெராமிக் என்றாலே செயலிலுள்ள விண்டோவின் தலைப்பைச் சுற்றி மேலே துருத்தி நிற்கும் அந்தக் குமிழிதான். அது உங்கள் போர்ட்டில் (பிளாஸ்மா 6-க்காக மாற்றி எழுதிய வடிவத்தில்) வருகிறதா?

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். வருகிறது, ஆனால் ஒரு பொய் சொல்லி வர வைத்திருக்கிறேன்.

எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் ஓடிய கெராமிக்கில் குமிழியின் இரு பக்கமும் இருந்த வெற்றிடம் உண்மையிலேயே வெற்றிடம். மாஸ்க் போட்டு விண்டோவின் உருவத்தையே வெட்டியிருந்தார்கள். அங்கே கிளிக் செய்தால் பின்னால் இருக்கும் விண்டோவுக்குப் போகும். இன்றைய கேடெக்கரேஷனில் மாஸ்க் என்ற அழைப்பே கிடையாது. அந்த இடத்தை ஒளிபுகும்படி விடலாம், கண்ணுக்கு வெற்றிடம் மாதிரிதான் இருக்கும். கிளிக் மட்டும் டைட்டில் பாருக்கே விழும்.

வேறு வழி இருக்கிறதா என்று துருவினேன். நிழல் விண்டோவுக்கு வெளியே வரையப்படுகிறது, மவுஸைப் பிடிப்பதில்லை. அப்படியானால் குமிழியின் தலையை நிழற்படத்துக்குள் ஒளித்துவிட்டால்? செய்து பார்த்தேன். நிழற்படத்தின் மேல் ஓரம் விண்டோ அகலத்துக்கு இழுபடும், குமிழியும் ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போனது. விண்டோவின் அளவு மாறும்போதெல்லாம் புது நிழற்படம் தயாரிக்கலாம், ஆனால் அது கொசுவை அடிக்க உலக்கையைத் தூக்குவது. விட்டுவிட்டேன்.

கடைசியில் மேல் ஓரத்தை நான்கு பிக்சல் கூட்டி, ஒளிபுகும் பொய்யோடேயே நிறுத்திக்கொண்டேன். அந்த நான்கு பிக்சலில் பின்னால் இருக்கும் விண்டோவைக் கிளிக் செய்ய முயன்றவர் இதுவரை யாரும் என்னிடம் வந்து சண்டை போடவில்லை. விண்டோவை முழுத்திரை உயரத்துக்குப் பெரிதாக்கினால் குமிழி தட்டையாகிவிட வேண்டும். பழைய கெராமிக்கும் அப்படித்தான் செய்தது. இதை மறந்தால் மவுஸைத் திரையின் உச்சிக்குத் தள்ளும்போது ஏதோ பாசி பிடித்தது போல் ஒரு கீற்று தெரியும்.

குமிழியைவிட என்னை அதிகம் படுத்தியது நிறம். கெராமிக்கின் படத் துண்டுகளைச் சாம்பல் நிறப் படமாக வைத்துக்கொண்டு டைட்டில் பாரின் நிறத்தை மேலே ஏற்றுவார்கள். பெயின்டரில் மல்டிப்ளை முறை இருக்கிறதே, ஒரே வரியில் முடிந்தது என்று நினைத்தேன். வந்தது பளபளப்பே இல்லாத மண் சட்டி. காரணம், மல்டிப்ளையில் வெள்ளை போய் நிறம் மட்டும் மிஞ்சும். கேடிஈ 3-இன் கலரைஸ் வேறு கணக்கு போட்டது: சாம்பல் பாதிக்குக் கீழே இருந்தால் கறுப்பிலிருந்து நிறத்துக்கு, பாதிக்கு மேலே இருந்தால் நிறத்திலிருந்து வெள்ளைக்கு. அந்த மேல் பாதியில்தான் பளபளப்பு முழுதும் இருக்கிறது. பிக்சல் பிக்சலாகச் சுற்றும் பத்துப் பன்னிரண்டு வரி. எழுதி ஓடவிட்டதும் திரையில் 2003 வந்து உட்கார்ந்தது.

கேள்வி: பிளாஸ்மா 6.2 வரை நன்றாக ஓடிய சி++ தீம், 6.3-க்கு அப்டேட் செய்ததும் பட்டியலிலேயே காணோம்.

உங்கள் தவறில்லை. 2025 பிப்ரவரியில் வந்த 6.3-இல் கேடெக்கரேஷன்2 போய் கேடெக்கரேஷன்3 வந்தது. பிளக்இன் தேடும் ஃபோல்டரின் பெயரே மாறிவிட்டதால் கேவின் உங்கள் தீமை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நேம்ஸ்பேஸையும் ஃபோல்டரையும் மாற்றினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, முழு எண்ணில் இருந்த ஓர அளவுகளும் செவ்வகங்களும் தசம எண்ணுக்கு மாறியது. கம்பைலர் கத்தும் இடங்களில் வகையை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். எங்கெங்கே ஒரு பிக்சலைக் கழித்தீர்களோ அங்கெல்லாம் நின்று யோசியுங்கள். பழைய முழு எண் செவ்வகத்தின் வலது ஓரம் உண்மையான ஓரத்துக்கு ஒரு பிக்சல் உள்ளே இருக்கும், தசமச் செவ்வகத்தில் அப்படி இல்லை. என் தீமில் வலது ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

சோதிக்க லாக்அவுட் ஆகிக்கொண்டே இருக்காதீர்கள். எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலேண்ட் அமர்வுக்குள்ளேயே கேவினை இன்னொரு விண்டோவாகத் திறக்கலாம். தீம் செத்தால் அந்தக் குட்டி கேவின் மட்டும்தான் சாகும்.

கேள்வி: என் லேப்டாப்பில் ஸ்கேல் 150 சதவீதம். பழைய பிக்சல் தீம்கள் மங்கலாக இருக்கின்றன.

ஒரு பிக்சல் கோட்டை ஒன்றரைப் பிக்சலில் வரைய முடியாது. மென்மையாக்கினால் மங்கும், மென்மையாக்காவிட்டால் ஒரு கோடு ஒன்றாகவும் பக்கத்துக் கோடு இரண்டாகவும் நிற்கும். 200 என்றால் கவலையில்லை, ஒவ்வொரு பிக்சலும் நான்காகிவிடும்.

கெராமிக் மாதிரி வழவழப்பான தீமை 150-இல் மென்மையாக்கி விட்டாலும் கண் உறுத்தாது. கேடிஈ 2, பிஐஐ என்ற பழைய அலங்காரங்கள் மாதிரி கூர்மையான தீம்களுக்குப் படத்தை நீட்டவே கூடாது. கோடுகளை நிரலால் வரைந்து, தடிமனைத் திரையின் முழுப் பிக்சலுக்கு உருட்டிக்கொள்ள வேண்டும். பட்டன் குறிகளை இங்க்ஸ்கேப்பின் ட்ரேஸ் வசதியிடம் கொடுக்காதீர்கள், சின்ன எக்ஸ் குறியை அது உருளைக்கிழங்காக்கிவிடும். கையால் வரையுங்கள், ஒரு தீமுக்கு ஏழெட்டுக் குறிதானே.

கேள்வி: டைட்டில் பாரில் தமிழ்த் தலைப்பு வந்தால் கொம்பும் வாலும் வெட்டுப்படுகின்றன, ஐயா.

பழைய தீம் செய்தவர்கள் ரோமன் எழுத்தை மனத்தில் வைத்து உயரத்தைப் பிக்சலில் அடித்துவிட்டார்கள். "கி" மேலே போகும், "ஞூ" கீழே இறங்கும், "ஸ்ரீ" இரண்டு பக்கமும் போகும். சி++ தீம் என்றால் உயரத்தை எழுத்துருவின் அளவிலிருந்து கணக்கிடுங்கள், பழைய எண்ணைக் குறைந்தபட்சமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அரோரேயில் ஆர்சி ஃபைலின் டைட்டில்ஹைட்டை நான்கைந்து கூட்டிப் பாருங்கள். தீமை வெளியிடும் முன் "ஸ்ரீரங்கம் கூழ்" என்று ஒரு ஃபைலுக்குப் பெயர் வைத்துத் திறந்து பார்ப்பது என் வழக்கம்.

கேள்வி: எல்லா விண்டோவிலும் தீம் வருகிறது, ஃபயர்பாக்ஸில் மட்டும் இல்லை.

ஃபயர்பாக்ஸ் தன் தலைப்பைத் தானே வரைந்துகொள்கிறது. டூல்பாரைத் தனிப்பயனாக்கும் பக்கத்தின் கீழே டைட்டில் பார் என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போடுங்கள். குரோமிலும் இதே போன்ற ஒன்று தோற்ற செட்டிங்ஸில் உண்டு. நோம் செயலிகளின் ஹெடர்பாருக்கு வழியில்லை. அவை பட்டன், தேடல், மெனு எல்லாவற்றையும் தலைப்புக்குள்ளேயே குடிவைத்துவிட்டன.

கேள்வி: எமரால்ட், ஐஸ்டபிள்யூஎம், மெட்டாசிட்டி என்று கேடிஈ அல்லாத விண்டோ நிரல்களின் தீம்கள் ஒரு டிவிடி நிறைய வைத்திருக்கிறேன். கேடிஈ எனக்குக் கட்டாயமில்லை.

அப்படியானால் எதற்குப் போர்ட்? ஐஸ்டபிள்யூஎம் இன்னும் உயிரோடு பராமரிக்கப்படுகிறது, தீம்களை அப்படியே போட்டு ஓட்டுங்கள். மெட்டாசிட்டி தீம்களுக்கு மாட்டே டெஸ்க்டாப் இருக்கிறது, அதன் விண்டோ மேலாளர் மார்கோ அந்த எக்ஸ்எம்எல்லை இன்றும் வாசிக்கிறது. ஓபன்பாக்ஸ் தீம் என்றால் வேலேண்டில் அதை வாசிக்கும் லேப்டபிள்யூசி. கேடிஈ 3-ஏ வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு அதைத் தொடர்ந்து பராமரிக்கும் டிரினிட்டி. எமரால்ட்தான் சிக்கல். காம்பிஸ்-பெரில் காலத்துச் சரக்கு அது. கேவினுக்காக ஸ்மரக்ட் என்றொரு எஞ்சின் இருந்தது, ஆனால் அது பழைய அலங்கார ஏபிஐயை (நிரல் இடைமுகத்தை) நம்பிப் பிறந்தது. அந்தத் தீம்களின் படங்களை எடுத்து அரோரேயாக மாற்றுவதுதான் குறைந்த வலி.

கேள்வி: முடித்த போர்ட்டைக் கேடிஈ ஸ்டோரில் ஏற்றலாமா?

மூலத்தின் உரிமம் என்ன என்று முதலில் பாருங்கள். ஜிபிஎல் கோடிலிருந்து எடுத்திருந்தால் உங்கள் கோடும் ஜிபிஎல்லாகவே போகட்டும், பழைய ஆசிரியர்களின் காப்புரிமை வரிகளை ஃபைலின் தலையில் அப்படியே விடுங்கள். உரிமமே எழுதாத தீம் என்றால் "இணையத்தில் கிடந்தது" என்பது அனுமதி ஆகாது. செய்தவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இருபது வருடப் பழைய முகவரிக்கு நான் போட்ட மூன்றில் இரண்டு திரும்பி வந்துவிட்டன. மூன்றாமவர் மறுநாளே பதில் போட்டார்: தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் அந்த மஞ்சள் மினிமைஸ் பட்டனை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடுங்கள், அன்றைக்கே எனக்கு அது பிடிக்கவில்லை என்று.