பழைய பிக்கப்புக்கு ஒரிஜினல் அலாய் வீல்: பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே மாந்தோப்பு வைத்திருக்கிறேன். 2017-ஆம் ஆண்டு இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் ஒன்றைச் சென்ற ஆண்டு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பின்பக்க இடது அலாய் வீலில் விரிசல் விழுந்து காற்று இறங்குகிறது. கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். ஓசூரில் பழைய உதிரிபாகம் விற்கும் ஒருவர், "கம்பெனி வீல்தான், ஆறு ஓட்டையும் கச்சிதமாக உட்காரும்" என்று வேறொரு வீலைக் காட்டுகிறார். எதைச் செய்வது?

பதில்: வெல்டிங் வேண்டாம். இவ்வகை வீல்கள் பெரும்பாலும் சிலிக்கானும் மெக்னீசியமும் கலந்த அலுமினிய உலோகக் கலவையில் வார்க்கப்பட்டு, பிறகு குறிப்பிட்ட வெப்பநிலையில் பதப்படுத்தப்படுகின்றன. வீலின் வலிமையில் பெரும்பங்கு அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தைச் சுற்றிப் பதம் இறங்கிவிடுவதால், ஒட்டு நன்றாகப் பிடித்தாலும் அதன் ஓரத்திலேயே அடுத்த விரிசல் தொடங்குகிறது. விளிம்பில் சிறிய நெளிவு என்றால் பெண்டு எடுப்பதில் தவறில்லை. விரிசல் ஆரக்காலிலோ நட்டுத் துளைக்கு அருகிலோ இருந்தால், அந்த வீல் காயலான் கடைக்குப் போகவேண்டியதுதான்.

மாற்று வீல் தேடும் முன், உங்கள் வண்டியில் இப்போது இருப்பவையே கம்பெனி வீல்கள்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 2016-இல் இந்தியாவில் அறிமுகமான வி-கிராஸ் 16 அங்குல அலாய் வீல்களுடனும் 245/70 ஆர்16 டயர்களுடனும் வந்தது. உங்களுடையதில் 17 அல்லது 18 அங்குலம் இருந்தால், முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கிறார் என்று கொள்ளலாம். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியையும் இறக்கிப் பாருங்கள். மற்ற நான்கையும் மாற்றுகிறவர்கள்கூட அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை என்பதால், அதன் அளவும் நடுத்துளையும் நல்ல சாட்சியாக நிற்கும்.

வீலின் முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது. வடிவத்தை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், நடுவில் ஒட்டும் கம்பெனி மூடியும் தனியாகக் கிடைக்கிறது. வீலைத் திருப்பிப் போட்டு, அழுக்கைக் கழுவிவிட்டு, ஆரக்கால்களின் பின்புறத்தையும் நடுப்பகுதியையும் படியுங்கள். அங்கே விட்டமும் அகலமும் '16 x 7 ஜே' என்பது போன்ற வடிவில் இருக்கும். அருகில் 'ஈ.டி.' என்ற எழுத்துகளுடன் ஓர் எண் இருந்தால் அது ஆஃப்செட், அதாவது வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் (வீல் மாட்டப்படும் அச்சின் முனையில்) பதியும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்ற கணக்கு. இவற்றுடன் வார்த்தவரின் அடையாளம், வார்த்த மாதமும் ஆண்டும், பல வீல்களில் தாங்கும் அதிகபட்ச எடை ஆகியவையும் இருக்கும். ஜப்பானியத் தரத்தைக் குறிக்கும் 'ஜே.டபிள்யூ.எல்.' முத்திரை கார் வகைக்கு உரியது. அதன் பின்னால் 'டி' சேர்ந்திருந்தால் சரக்கு வண்டிக்கும் பேருந்துக்கும் உரியது. ஆனால் இந்த முத்திரையை மட்டும் கண்டு மயங்க வேண்டாம், போலி வீல்களிலும் அதைப் பொறித்துவிடுகிறார்கள். உங்களிடம் உள்ள நல்ல வீல்கள் மூன்றிலும் இருக்கும் எழுத்துகளை அலைபேசியில் படமெடுத்துச் சென்று, ஓசூர் வீலுடன் ஒவ்வொன்றாக ஒப்பிடுவதே நம்பகமான வழி. வார்த்த தேதி உங்கள் வண்டி தயாரான மாதத்துக்குப் பிந்தியதாக இருந்தாலும் பரவாயில்லை. மற்றவை ஒத்துப்போனால் அது போலி ஆகிவிடாது.

இனி அந்த 'ஆறு ஓட்டை' விஷயம். டி-மேக்ஸின் ஆறு ஸ்டட்டுகளும் (நட்டு ஏறும் மரைத் தண்டுகளும்) அமைந்த வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ., அதாவது ஐந்தரை அங்குலம். இதே அளவு வேறு கம்பெனி வண்டிகளான ஃபார்ச்சூனருக்கும் எண்டெவருக்கும் பஜேரோ ஸ்போர்ட்டுக்கும் உண்டு. ஆகவே ஓட்டைகள் உட்காருகின்றன என்பது அந்த வீல் உங்கள் வண்டியினுடையது என்பதற்குச் சான்று ஆகாது. வேறுபாடு நடுத்துளையில் இருக்கிறது. டி-மேக்ஸுக்கு அது 100.1 மி.மீ.; ஃபார்ச்சூனருக்கு 106 மி.மீ. அளவில் சற்றுப் பெரியது, எண்டெவருக்கு 93.1 மி.மீ. எண்டெவர் வீல் ஹப்பில் ஏறவே ஏறாது, அதனால் ஆபத்தில்லை. ஃபார்ச்சூனர் வீல்தான் ஏமாற்றும்: எளிதாக ஏறும், நட்டும் முடுக்கிவிடலாம், ஆனால் வீலை ஹப் நடுவில் நிறுத்தாது. ஹப்புக்கும் நடுத்துளைக்கும் இடையிலான இடைவெளியை நிரப்பும் உரிய அளவு வளையம் இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் அதிரும், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் நிற்காது. ஒரு வெர்னியர் காலிப்பரைக் கையோடு கொண்டுபோய் நடுத்துளையை அளந்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நட்டு உட்காரும் இடத்தையும் பாருங்கள். சில வீல்களில் அது கூம்பு வடிவில் குழிந்திருக்கும். வேறு சிலவற்றில் தட்டையாக இருந்து, வாஷருடன் கூடிய நீளக்கழுத்து நட்டைக் கேட்கும். தட்டையான இடத்தில் கூம்பு நட்டைப் போட்டால் விளிம்பு மட்டும்தான் படியும். இறுக்கம் சில நாட்களில் போய்விடும். விற்பதற்காகப் புதிதாகப் பெயின்ட் அடித்த வீல்களில் இந்தக் குழிக்குள்ளும் பூச்சு தடிமனாக ஏறியிருந்தால் அதுவும் நசுங்கி நட்டைத் தளர்த்தும். பெயின்ட் பளபளவென்று இருந்தால் நான் இன்னும் சந்தேகத்துடன் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பேன், வெல்டிங் மேட்டை மறைக்கவும் அதே பெயின்ட்தானே அடிக்கிறார்கள்.

எடைத்தாங்கல் உங்களுக்கு மிக முக்கியம். மாம்பழப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போகும்போது தொப்பூர் கணவாயில் இறங்குகிறீர்கள். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க முன் வீல்கள் மீது பாரம் சாய்கிறது, பின் வீல்கள் ஏற்கெனவே சரக்கைச் சுமக்கின்றன. பின் அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட எடையில் பாதியாவது ஒரு வீலில் பொறித்த எண்ணாக இருக்கவேண்டும். அச்சுக்கு 1,800 கிலோ என்றால் வீலுக்கு 900 கிலோ. அலங்காரத்துக்காகக் கார்களுக்குச் செய்த வீல்கள் பலவும் இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடும்.

ஓசூர் வீல் இவற்றில் ஏதேனும் ஒன்றில் தவறினாலும் வாங்காதீர்கள். வேறு கம்பெனி வீல் கிடைக்கும்வரை, அதே அளவுள்ள இசுசுவின் இரும்பு டிஸ்குகளை, அதாவது சாதாரண இரும்பு வீல்களை, பின் அச்சின் இரு பக்கமும் போட்டு ஓட்டலாம். அழகு குறையும், ஆனால் தோட்டப் பாதையில் கல்லில் இடித்தால் இரும்பு நெளியும், அலாய் போல் வெடிக்காது. டிஸ்குக்கு உரிய நட்டுகளையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

பழைய வீலைக் கழற்றும்போது ஹப்போடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அரித்து ஒட்டும். சுத்தியலால் அடிக்காமல் டயரின் பக்கவாட்டை மாறிமாறித் தட்டி விடுவியுங்கள். ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தமாகத் தேயுங்கள், ஸ்டட் மரையில் கிரீஸ் தடவாதீர்கள். நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிர் வரிசையில், கையேடு சொல்லும் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்கச் சொல்லுங்கள். காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் இறுக்கும் கடையில் சற்று நின்று தடுத்துவிடுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும், சரக்கு ஏற்றுவதற்கு முன்பே, ஒருமுறை மறுபடி முடுக்கிக்கொள்ளுங்கள்.